அழுகிய பழம் காய்ந்தாலும் அழுகிய பழம்தான்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. உணவு பதப்படுத்தும் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், வீட்டில் டீஹைட்ரேட்டரில் (உணவை உலர்த்தும் இயந்திரம்) செய்த ஃப்ரூட் லெதரை, அதாவது பழக்கூழைத் தட்டில் பரப்பிக் காயவைத்துச் சுருட்டியதை, டப்பாவில் கொண்டுவந்து, "மேடம், இந்தப் புள்ளியை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் பசங்களுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். சுருளைப் பிரித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் விறைப்பாகக் காய்ந்திருந்தது, நடுவில் விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது, அந்த ஈரத்தில் சாம்பல் பச்சை நிறத்தில் பஞ்சு போலப் பூஞ்சை. என்ன பழம் என்றேன். மலிவாகக் கிடைத்த அடிபட்ட ஆப்பிளாம். அழுகின இடத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு மிச்சத்தை அரைத்தாராம். "எப்படியும் காயவைக்கத்தானே போறோம்!"

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம்தான் கேட்பது!

காயவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். சாகாது. ஈரம் இல்லாததால் வளராமல் கிடக்கும், அவ்வளவுதான். இயந்திரத்தில் 60 டிகிரி என்று வைத்தாலும், கூழிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை கூழின் சூடு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கூழ் சூடேறும் நேரத்தில் கிருமிகளும் பாதி காய்ந்திருக்கும், காய்ந்த கிருமி சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். சரி, கிருமியை விடுங்கள், பூஞ்சை விட்டுப்போகும் நஞ்சு? அழுகும் ஆப்பிளில் பென்சிலியம் வகைப் பூஞ்சை பாட்டுலின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம்தான் அதற்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு விதித்த உச்சவரம்பு. வீட்டில் காய்ச்சுகிற சூட்டில் அது முழுசாக அழியாது, உலர்த்தினாலும் போகாது. ஒரு கிலோ ஆப்பிள் கூழ் காய்ந்து சுமார் 200 கிராம் ஆகும்போது போவது தண்ணீர்தான், நஞ்சு பெரும்பாலும் அந்த 200 கிராமுக்குள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் அழுகலைத் தோண்டி எடுத்தாலும் பக்கத்துச் சதைக்குள் அது இறங்கியிருக்கலாம்.

சிக்கனம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நன்றாகக் கனிந்து, தோல் சுருங்கி, யாரும் வாங்காமல் கிடக்கும் பழத்தை வாங்குங்கள். இனிப்பு அதில்தான் அதிகம், சர்க்கரையே போட வேண்டாம். கனிந்தது வேறு, அழுகினது வேறு. புளித்த வாடை, கசிவு, பூஞ்சை, இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பழம் மிக்சிக்குள் போகக் கூடாது.

அப்புறம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கிறேன் என்று சூட்டை ஏற்றிவிடுவது. மேலே பாலாடை போல இறுகிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். அந்தப் பெண் செய்ததும் இதேதான், கூடவே தட்டு நிறைய ஊற்றியும் இருக்கிறார். நடுவில் 3 மில்லிமீட்டர், ஓரத்தில் 6 மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். ஓரம்தான் முதலில் காயும் என்பதால் அங்கே கொஞ்சம் தடிமன். மின்சாரம் மிச்சமாக வேண்டுமானால் கூழை முதலில் அடுப்பில் வைத்துக் கிளறிக் கெட்டியாக்குங்கள். எல்லா இடத்திலும் 71 டிகிரியைத் தாண்டினால் கிருமிப் பிரச்சினையும் அங்கேயே பெரும்பாலும் முடியும், இயந்திரம் ஓட வேண்டிய நேரமும் குறையும். நிறம் கறுக்கும் பழமென்றால் 2 கப் கூழுக்கு 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இல்லாத மலிவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஒரு தெர்மாமீட்டர் மட்டும் வாங்கிவிடுங்கள், தட்டின் மேல் வைத்துப் பார்த்தால் உண்மைச் சூடு தெரிந்துவிடும். சிலிக்கான் விரிப்புக்குச் செலவழிக்க வேண்டாம், கேக் சுடும்போது ஒட்டாமல் இருக்க விரிக்கும் பார்ச்மென்ட் பேப்பர் போதும். மெழுகுத்தாளும் அலுமினியத் தாளும் வேண்டவே வேண்டாம்.

எத்தனை மணி நேரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 6 முதல் 8 மணி நேரம் என்று சொல்லலாம், ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். நடுவில் விரலால் அழுத்துங்கள். குழி விழாமல், விரலில் ஒட்டாமல், தாளிலிருந்து தோல் போல உரிந்து வந்தால் சரி. ஆறிய பிறகு சுருட்டிக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுத் தேதி எழுதிவையுங்கள். வெளியே ஒரு மாதம், அதற்கு மேலென்றால் ஃப்ரீசர்.

ஒரு வயது ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால் தேன் சேர்த்ததைத் துளிகூடக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. தேனில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகளும் இந்தச் சூட்டில் சாகாது.

அந்த டப்பாவை என்ன செய்வது என்று அந்தப் பெண் திரும்பவும் கேட்டார். பூஞ்சை இருந்த சுருளை மட்டுமில்லை, அதே ஆப்பிளில் செய்த எல்லாவற்றையும் கொட்டச் சொன்னேன்.