முகாம் பட்டியலில் ஒரு பெயர்: தரவுத்தளத்தில் சுட்டியும் சாவித் தொடர்பும் வேலை செய்யும் விதம்

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்த பிறகு, நாவலடி, கல்லடி தொடங்கி கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வரை கரையோரச் சனம் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சமடைந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். உயிர் தப்பியவர்கள் முதலில் செய்தது மற்றவர்களைத் தேடியதுதான். முகாமுக்கு ஒரு பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. தாயின் பெயர் கல்முனையில் ஒரு கொப்பியில் இருக்கும், மகனின் பெயர் மட்டக்களப்பில் ஒரு கணினியில் இருக்கும். இரண்டு பெயரும் சரியாகவே எழுதப்பட்டிருந்தாலும் ஒரு பட்டியலுக்கு மற்றதைத் தெரியாது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் இலங்கைத் தன்னார்வ மென்பொருளாளர்கள் சுனாமியை அடுத்து ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிவாரணத் தேவைகளின் பதிவு என்று அதில் பகுதிகள் இருந்தன. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. அப்படியொரு தரவுத்தளத்தின் அடியில் இரண்டு பொறிமுறைகள் இயங்குகின்றன. ஒன்று சுட்டி, அதாவது நாம் வாயில் இன்டெக்ஸ் என்று சொல்வது. மற்றது அட்டவணைகளைக் குறுக்காகப் பிணைக்கும் அந்நியச் சாவி. சுட்டி, பதில் எவ்வளவு விரைவாக வரும் என்பதை மாற்றுகிறது. சாவித் தொடர்பு, வரும் பதிலை நம்பலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் அட்டவணையை வரையும்போதே யோசிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். கீழே வரும் அட்டவணைகள் விளக்கத்துக்காக நான் வரைந்தவை, சஹானாவினுடையவை அல்ல.

‘நபர்’ என்று ஓர் அட்டவணை, ‘முகாம்’ என்று இன்னொன்று. நபர் அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரிசை. பெயர், ஊர் போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு புலம். ஒரு வரிசையை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டும் புலம் எது? உயர்தர மாணவர்கள் முதன்மைச் சாவி என்று படிப்பது இதைத்தான். பெயர் அதற்கு உதவாது, ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தேசிய அடையாள அட்டை எண் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் சிறுபிள்ளைகளுக்கு அட்டை இல்லை. அட்டையைக் கடல் கொண்டுபோனவருக்கு எண் நினைவிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அதைவிட, 2016 முதல் 12 இலக்க எண் வழக்குக்கு வந்ததால் ஒரே ஆளுக்கு இரண்டு வடிவ எண்கள் உண்டு. பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். அதைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தைச் செருகி, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். ஒரு முகாமில் பழைய எண்ணையும் இன்னொன்றில் புதிய எண்ணையும் பதிந்தால், கணினிக்கு அவர் இரண்டு ஆட்கள்.

ஆகவே சாவி தரவுத்தளமே வழங்கும் பொருளற்ற ஓர் எண்ணாக இருக்கட்டும்: 1, 2, 3 என்று போகும் நபர் எண். அடையாள அட்டை எண்ணைத் தனிப் புலத்தில், ஒரே வடிவத்துக்கு மாற்றிய பின் வைத்து, அதன்மேல் ‘யுனிக்’ வகைச் சுட்டி ஒன்றை வரையறுக்கலாம். அதே எண் இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளம் மறுத்துவிடும். எண் இல்லாதவர்களின் புலம் வெறுமையாக இருக்கலாம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டுமே யுனிக் சுட்டியில் வெறுமையை எத்தனை முறையும் அனுமதிக்கும்.

இனி தேடல். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்ட மக்கள்தொகை சுமார் 5 இலட்சத்து 25 ஆயிரம். அத்தனை பேரும் நம் அட்டவணையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரவுத்தளம் வட்டிலிருந்து ஒவ்வொரு வரிசையாக வாசிப்பதில்லை, பக்கம் பக்கமாகவே வாசிக்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் 8 கிலோபைட். ஒரு பக்கத்தில் சுமார் 40 பேர் அடங்கினால் மொத்தம் 13,000 பக்கங்கள். சுட்டி இல்லாவிட்டால், ‘தங்கராசா’ என்ற பெயரைத் தேட அந்த 13,000 பக்கங்களையும் புரட்டியாக வேண்டும். முதற்பக்கத்திலேயே ஒருவர் அகப்பட்டாலும் நிறுத்த முடியாது, வேறு தங்கராசாக்களும் இருக்கலாம் அல்லவா?

பெயர்ப் புலத்தின்மேல் சுட்டி அமைத்தால், தரவுத்தளம் பெயர்களை மட்டும் எடுத்து, அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அந்த வரிசை இருக்கும் இடத்தைக் குறித்துத் தனியாக வைத்துக்கொள்ளும். அதுவும் பக்கங்களில்தான். ஒரு பக்கத்தில் 200 பெயர் கொள்ளும் என்று வையுங்கள். இந்தப் பக்கங்களுக்கு மேல் இன்னோர் அடுக்கு: ‘அ முதல் இந்தப் பெயர் வரை இன்ன பக்கத்தில், அடுத்தது இன்ன பக்கத்தில்’ என்று வழிகாட்டும் பக்கங்கள். அவற்றுக்கும் மேலே ஒரே ஒரு வேர்ப் பக்கம். வேரில் தொடங்கி நடு அடுக்குக்கு இறங்கி அடிப் பக்கத்துக்கு வந்தால் பெயர் அங்கே இருக்கும், அல்லது எங்கேயும் இல்லை. மூன்று அடுக்கில் 200 × 200 × 200, அதாவது 80 இலட்சம் பெயர்கள் வரை அடங்கும். மாவட்டம் முழுவதையும் தேட மூன்று பக்கங்கள், பிறகு ஆளின் முழு விவரத்துக்கு இன்னொரு பக்கம். 13,000 எங்கே, நான்கு எங்கே! இலங்கை முழுவதையும் சேர்த்து இரண்டு கோடிக்கு மேல் போனாலும் அடுக்கு ஒன்றுதான் கூடும்.

இந்த அமைப்புக்குப் பெயர் பி-மரம். அமெரிக்காவின் போயிங் விமான நிறுவன ஆய்வுக்கூடத்தில் ருடோல்ஃப் பேயரும் எட்வர்ட் மக்கிரைட்டும் 1970இல் உருவாக்கி, 1972இல் ஆய்விதழில் வெளியிட்டது. அதன் நுட்பம் புதுப் பெயர்கள் வரும்போதுதான் தெரியும். ஓர் அடிப் பக்கம் நிரம்பினால் அது இரண்டாகப் பிரியும். பிரிவு நடந்த இடத்திலுள்ள பெயர் மேலடுக்குக்கு வழிகாட்டியாக ஏறும். மேலடுக்கும் நிரம்பினால் அதுவும் பிரியும். வேரே பிரிந்தால் அதற்கு மேல் புது வேர் முளைக்கும். மரம் எப்போதும் வேர்ப் பக்கமாகவே உயர்வதால் அடிப் பக்கங்கள் எல்லாம் ஒரே ஆழத்தில் நிற்கும். எந்தப் பெயரைத் தேடினாலும் ஒரே அளவு வேலை. பேயரும் மக்கிரைட்டும் செய்ததில் நான் மிகவும் மதிப்பது இந்தச் சமநிலையைத்தான்.

ஆனால் சுட்டி என்பது அடுக்கப்பட்ட பட்டியல். எந்த ஒழுங்கில் அடுக்கினோமோ அந்த ஒழுங்குக்குப் பொருந்தும் கேள்விக்குத்தான் அது உதவும். நம் பெயர்களில் இது உடனே இடிக்கும். ‘க. தங்கராசா’ என்று முதலெழுத்தோடு ஒரே புலத்தில் எழுதினால், சுட்டி அவரைத் தகப்பன் பெயரின் எழுத்தான ‘க’வில் அடுக்கும். முதலெழுத்து தெரியாமல் தேடுகிறவருக்குப் பயனில்லை. முதலெழுத்துக்குத் தனிப் புலம் வேண்டும். ‘ராசா’ என்று முடியும் பெயர்களைத் தேடினாலும் இதே கதைதான். நடராசா, செல்வராசா, தங்கராசா மூவரும் சுட்டியில் வெவ்வேறு மூலைகளில் இருப்பார்கள். தொடக்கம் தெரியாத தேடலுக்குச் சாதாரண பி-மரத்தால் வழிகாட்ட முடியாது.

தமிழை யுனிகோட்டில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் தரும் முறையில், சேமிக்கும்போது இன்னும் நுண்ணிய ஒரு பொறி உண்டு. ‘கோமதி’ என்ற பெயரின் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வட்டில் ஒன்று 15 பைட், மற்றது 18 பைட். போஸ்ட்கிரெஸ் இயல்பு நிலையில் இவற்றை இரண்டு வெவ்வேறு பெயர்களாகவே எடுக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதை யுனிகோட்டுக்கு மாற்றும்போது, மாற்றி சரியாக எழுதப்படாவிட்டால் இந்த இரண்டாம் வடிவம் நுழைந்துவிடும். கண்ணுக்கு முன்னால் கோமதி இருப்பார், தேடினால் இல்லை என்று வரும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எழுத்தை ‘என்எஃப்சி’ என்ற ஒற்றை வடிவத்துக்குக் கொண்டுவருவதே மருந்து. போஸ்ட்கிரெஸில் அதற்கென்றே ‘நார்மலைஸ்’ என்று ஒரு செயற்கூறு இருக்கிறது.

அகரவரிசையும் கவனிக்க வேண்டியது. யுனிகோட் எண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரம் நிற்கிறது, புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருகிறது. அந்த எண்களைக் கொண்டே அடுக்கினால் ‘அமலன்’ முன்னாலும் ‘அம்பிகை’ பின்னாலும் வரும். தமிழ் அகராதியில் அது நேர்மாறு. அச்சிட்டு முகாம் வாசலில் ஒட்டும் பட்டியல் என்றால் சனம் தேடும் இடத்தில் பெயர் இருக்க வேண்டும். புலத்தை வரையறுக்கும்போதே தமிழுக்குரிய ஒழுங்கைத் தெரிவுசெய்துவிட்டால் சுட்டியும் அந்த ஒழுங்கிலேயே அமையும். முகம்மது, முஹம்மது, முகமது போன்ற எழுத்து வேறுபாடுகளை எந்தச் சுட்டியும் தானாகத் தீர்க்காது. அதற்கு ஒலியையோ எளிமையாக்கிய எழுத்தையோ தனிப் புலத்தில் வைத்து அதன்மேல் சுட்டி அமைக்க வேண்டும்.

இரண்டு புலங்களைச் சேர்த்தும் சுட்டி வரையலாம். (ஊர், பெயர்) என்று வரைந்தால் ‘காரைதீவில் உள்ள தங்கராசா’ உடனே கிடைப்பார், காரைதீவார் எல்லாரும் கிடைப்பார்கள். ஊர் தெரியாத தங்கராசாவுக்கு அது பெரும்பாலும் உதவாது. ஆண், பெண் என்ற புலத்தில் சுட்டி போடுவது வீண். பாதி அட்டவணையைத் தரும் கேள்விக்கு முழுவதையும் வாசிப்பதே மலிவு என்று தரவுத்தளம் கண்டுகொள்ளும். எல்லாப் புலத்துக்கும் சுட்டி போட்டு வைப்பதும் கூடாது. ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் ஒவ்வொரு சுட்டியிலும் எழுத வேண்டியிருப்பதால் பதிவு மந்தமாகும்.

இனி இரண்டாவது பொறிமுறை. போயிங்கில் பி-மரம் பிறந்த அதே 1970இல், ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் கொட் தொடர்புசார் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். அட்டவணைகளைப் பிணைக்க வட்டிலுள்ள முகவரிகள் தேவையில்லை, அட்டவணைக்குள் இருக்கும் மதிப்புகளே போதும் என்பது அதன் சாரம். நபர் அட்டவணையில் ‘முகாம் எண்’ என்றொரு புலம். அதை முகாம் அட்டவணையின் முதன்மைச் சாவியைச் சுட்டும் அந்நியச் சாவி என்று அறிவித்துவிட்டால், அங்கே இல்லாத முகாம் எண்ணை யாராலும் பதிய முடியாது. 17க்குப் பதில் 71 என்று தட்டினால், 71 என்று முகாமே இல்லாத பட்சத்தில், பதிவு அந்த இடத்திலேயே மறுக்கப்படும்.

பாடசாலை திறக்க வேண்டும் என்று முகாம் மூடப்படும் நாளில்தான் இந்த வரையறையின் அருமை தெரியும். யாரோ முகாம் அட்டவணையிலிருந்து அந்த வரிசையை நீக்குகிறார். அங்கே பதிந்த 300 பேரும் என்ன ஆவார்கள்? அதை அன்றைக்கு யோசிக்க முடியாது. அந்நியச் சாவியை வரையறுத்த நாளிலேயே நீங்கள் பதில் எழுதிவிட்டீர்கள். ‘கேஸ்கேட்’ என்று எழுதியிருந்தால் முகாமோடு 300 பேரும் அழிவார்கள், ஒரு எச்சரிக்கையும் வராது. ‘செட் நல்’, அதாவது புலத்தை வெறுமையாக்கு, என்றால் ஆட்கள் இருப்பார்கள், எங்கே இருந்தார்கள் என்பது அழிந்துவிடும். ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்றால் ஆட்கள் இருக்கும்வரை முகாமை நீக்கவே முடியாது. மனிதரைப் பற்றிய பதிவில் கேஸ்கேட்டுக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. முகாமை நீக்காமல் ‘மூடிய திகதி’ என்ற புலத்தை நிரப்புவதே சரி. நபர், முகாம், வந்த திகதி, போன திகதி என்று தனி அட்டவணை வைத்தால் இடம்பெயர்ந்தவர் போன வழி முழுவதும் பதிவில் இருக்கும்.

அறிவித்தால் போதாது, அறிவித்தது செயலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பழைய மைஐசாம் இயந்திரம் அந்நியச் சாவி வரியை முறைப்பாடின்றி ஏற்றுக்கொண்டு, பிறகு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். 2010இல் இன்னோடிபி என்ற இன்னோர் இயந்திரம் அந்த இடத்தைப் பிடிக்கும்வரை மைஐசாமே இயல்பான தெரிவாக இருந்தது. எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இயல்பு நிலையில் இந்தச் சோதனை அணைக்கப்பட்டிருக்கும், ஒவ்வோர் இணைப்பிலும் அதை இயக்க வேண்டும்.

கல்முனையில் தாய், மட்டக்களப்பில் மகன் என்பதற்குத் ‘தேடல்’ என்று மூன்றாவது அட்டவணை தேவை. ஒரு தாயை மூன்று பிள்ளைகள் தனித்தனியே தேடலாம், ஒரு தேடலுக்கு ஐந்து பேர் பொருந்துவதுபோல் தோன்றலாம். ஆகவே தேடல் எண், நபர் எண் என்ற இரண்டு அந்நியச் சாவிகளைக் கொண்ட ஓர் இணைப்பு அட்டவணை. இரண்டும் சேர்ந்தே அதன் முதன்மைச் சாவி. அந்த முதன்மைச் சாவியோடு வரும் சுட்டி (தேடல், நபர்) என்ற ஒழுங்கில் இருப்பதால், மகன் பதிந்த தேடலிலிருந்து பொருந்தும் பெண்களைக் காட்டும். முகாமில் ஒரு பெண் வந்து ‘என்னை யாராவது தேடுகிறார்களா’ என்று கேட்டால் அது உதவாது. அந்தக் கேள்விக்கு நபர் எண்ணின்மேல் இரண்டாவது சுட்டி ஒன்று வேண்டும். இன்னோடிபி அந்நியச் சாவிப் புலத்துக்குச் சுட்டி இல்லாவிட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் உருவாக்காது, நாமே ‘கிரியேட் இன்டெக்ஸ்’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரு நபரை நீக்க முயலும் ஒவ்வொரு முறையும், அவரைச் சுட்டும் வரிசை உண்டா என்று பார்க்க இணைப்பு அட்டவணை முழுவதையும் அது வாசிக்கும்.

போட்ட சுட்டி பயன்படுகிறதா என்பதைக் கேள்விக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்று சேர்த்து அறியலாம். ‘இன்டெக்ஸ் ஸ்கான்’ என்றால் மரத்தின் வழி இறங்குகிறது, ‘சீக் ஸ்கான்’ என்றால் எல்லாப் பக்கங்களையும் புரட்டுகிறது. இருபது வரிசை மட்டும் உள்ள சோதனை அட்டவணையில் சுட்டி இருந்தாலும் சீக் ஸ்கான்தான் வரும், ஒரே பக்கத்தை வாசிக்க மரம் எதற்கு? அதனால் இந்தச் சோதனையை இலட்சக்கணக்கான வரிசைகளை நிரப்பிய பிறகுதான் செய்ய வேண்டும். முகாம் திறக்கும் நாளுக்காகக் காத்திராமல், மாரி மழைக்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.