நகத்தால் கீறிப் பச்சை தெரிந்தும் துளிர்க்காத துஜா

"ஜன்னல் தெரியணும், அவ்வளவுதான். எவ்வளவு வேணா வெட்டுங்க" என்றுதான், மண்டிப்போன தோட்டச்செடியை வெட்ட என்னைப் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் செடி வெளியே பச்சைப்பசேலென்று இருக்கும். கையால் விலக்கினால் உள்ளே மொட்டைக் குச்சியும் சருகும்தான். வருஷக்கணக்கில் மேலாக மட்டும் கத்தரித்து வந்ததன் விளைவு இது. வெட்டுப்பட்ட நுனியெல்லாம் இரண்டு மூன்றாகக் கிளைத்துக் கூரைபோல மூடிக்கொள்ளும். வெளிச்சம் போகாத உள்பக்கம் இலை கொட்டிவிடும்.

இதைச் சரிசெய்யக் கடுங்கவாத்துதான் வழி, அதாவது முதிர்ந்த கட்டைவரை ஆழமாக வெட்டி இறக்குவது. ஆனால் எல்லாச் செடியும் அதைத் தாங்காது. அரளி, செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை போன்றவற்றில் முதிர்ந்த கட்டையிலும் உறங்கும் மொட்டுகள் உண்டு; வெட்டினால் விழித்துத் துளிர்ப்பவை. முழங்கால் உயரத்துக்கு இறக்கினாலும் வெடித்து வரும். துஜா, ஜூனிபர், சைப்ரஸ் போன்ற ஊசியிலைச் செடிகளில் இலையற்ற பழுப்புக் கட்டைக்குள் கத்தி இறங்கினால் பெரும்பாலும் அந்தக் கிளை அவ்வளவுதான். ஊசியிலை இனத்தில் யூ (yew) மரம் போன்ற சிலதான் விதிவிலக்கு.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு துஜா வேலி. பட்டையை நகத்தால் கீறினேன், உள்ளே ஈரப் பச்சை. உயிர் இருக்கிறதே என்று பாதிக்கு மேல் இறக்கிவிட்டேன். மாதங்கள் போயும் ஒரு துளிர் இல்லை; கடைசியில் வேரோடு பிடுங்கினோம். கீறினால் தெரியும் பச்சை, கட்டை சாகவில்லை என்று மட்டுமே சொல்லும். துளிர்க்குமா என்பது வேறு கேள்வி. அதற்குச் செடிக்குள் தலையை நுழைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கட்டையில் அங்கங்கே தானாகவே குட்டித் துளிர் எட்டிப் பார்க்கிறதா? இருந்தால் தைரியமாக வெட்டலாம்.

புதுத் தளிர் விடும் பருவத்துக்குச் சற்று முன்னால் வெட்டுவது நல்லது. கொளுத்தும் வெயிலில் வேண்டாம். இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டை வெந்துபோகும். நலிந்த செடி என்றால் ஒரேயடியாக மொட்டையடிக்காமல், முதிர்ந்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்து, மூன்று வருஷத்தில் முடிப்பேன். உரிமையாளர்களுக்கு இந்த நிதானம் பிடிப்பதில்லை. வெட்டுவாயில் பெயின்ட் பூசச் சொல்வார்கள். தேவையே இல்லை, சுத்தமான வெட்டைச் செடியே மூடிக்கொள்ளும். குருவிக்கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் வேலையைத் தள்ளிப்போட்டுவிடுவேன்.

வெட்டியபின் கிடைக்கும் துளிர்க் கூட்டத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. ஒரே வெட்டுக்குக் கீழே ஏழெட்டுக் கிளம்பும். வெளிப்பக்கம் நோக்கிய இரண்டு மூன்றை நிறுத்தி, மற்றதை இளசாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் சில வருஷத்தில் பழைய கூரை மறுபடி மூடிவிடும்.

அரளி என்றால் கையுறை கட்டாயம், பால் கண்ணில் படக்கூடாது. கழித்த கிளைகளை எரிக்காதீர்கள்; புகையும் நஞ்சு. ஆடுமாடு எட்டும் இடத்திலும் போடாதீர்கள், காய்ந்த இலையிலும் விஷம் அப்படியேதான் இருக்கும்.