அடுக்குமாடியில் தனி வீடு வேண்டுமா? முதலில் செக்‌ஷனைக் கேளுங்கள்

சென்னையில் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு நிலத்தில் பல வருடங்களாக நின்ற தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. மாம்பலம், அடையாறு, அண்ணா நகர், நங்கநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பச்சை வலை கட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டும், வயதானவர்களால் பழைய வீட்டைப் பராமரிக்க முடியவில்லை, எல்லாம் நியாயமான காரணங்கள்தான். நிலத்தைப் பில்டரிடம் கொடுத்து ஜாயின்ட் வென்ச்சர் போடுகிறவர்கள் ஆர்க்கிடெக்ட்டான என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "ஃபிளாட்டுதான் சார், ஆனா தனி வீடு மாதிரியே இருக்கணும்."

இந்த ஆசையில் எந்தத் தப்பும் இல்லை, அதை நிறைவேற்றவும் முடியும். ஆனால் கையெழுத்துப் போடும்முன் அவர்கள் பார்ப்பது இரண்டே தாள்கள். ஒன்று மாடிக்கு மாடி பிளான், இன்னொன்று கம்ப்யூட்டரில் வண்ணமாகச் செய்த முகப்புப் படம். கட்டடத்தை உச்சியிலிருந்து அஸ்திவாரம் வரை நெடுக வெட்டி உள்ளே எது எதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் செக்‌ஷன் படத்தை யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அனுமதிக்குத் தேவையான அளவுக்கு ஒன்றை வரைந்து அதோடு விட்டுவிடுகிறார்கள். தனி வீடு போல இருக்குமா இருக்காதா என்பது அந்தப் படத்தில்தான் தீர்மானமாகிறது.

தனி வீட்டில் உங்களுக்கு என்ன பிடித்திருந்தது என்று நான் ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்பேன். தோட்டம், இடவசதி என்று முதலில் சொல்வார்கள். கொஞ்சம் பேசவிட்டால் வேறு விஷயங்கள் வரும். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கூடம் தெரியாது, தலைக்கு மேல் யாரும் நாற்காலி இழுக்க மாட்டார்கள், சாயங்காலம் வாசலில் உட்காரலாம், மழை பெய்தால் கையை நீட்டி நனையலாம், மூன்று பக்கமாவது ஜன்னல் இருக்கும். இதில் ஒன்றுகூடச் சதுர அடியில் அளக்கக் கூடியது இல்லை பாருங்கள். 1,800 சதுர அடி ஃபிளாட்டில் இவை இல்லாமல் போகலாம், 1,100 சதுர அடியில் எல்லாமே இருக்கலாம்.

வீடுகளைத் தனி வீடாகவே நினைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் யோசனை பழையது. 1922-இலேயே நவீனக் கட்டடக்கலையின் முன்னோடியான லெ கொர்பூசியே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாடி உயரத்தில் ஒரு தொங்கு தோட்டம் வைத்து அடுக்குமாடி வரைந்தார். நம் நாட்டில் இதை நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி செய்து காட்டியவர் ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கொரியா. மும்பையில் 1983-இல் முடிந்த காஞ்சன்ஜங்கா 28 மாடிக் கட்டடம், ஆனால் மொத்தம் 32 வீடுகள்தான். மும்பையில் கடலும் காற்றும் மேற்கே, துறைமுகப் பக்கத்துக் காட்சி கிழக்கே. சுட்டெரிக்கும் வெயிலும் சாரலும் வருவதும் அதே திசைகளில்தான். பழைய பங்களாக்களில் சுற்றிலும் வராந்தா வைத்து இதைச் சமாளித்தார்கள். கொரியா அந்த வராந்தாவை அப்படியே மேலே தூக்கிப்போய், மூலைகளைக் குடைந்து இரண்டு மாடி உயரத் தோட்டத் தளங்களாக்கினார்.

அது பணக்காரர்களுக்கான கட்டடம் என்பீர்கள். சரி, அகமதாபாத்துக்கு வருவோம். அங்கே எல்.ஐ.சி.க்காக 1973-இல் ஆர்க்கிடெக்ட் பால்கிருஷ்ண தோஷி கட்டிய குடியிருப்பில் கீழே பெரிய வீடு, அதன்மேல் அதைவிடச் சிறியது, உச்சியில் இன்னும் சிறியது. மேலே போகப் போக வீடு ஒடுங்குவதால் கீழ்வீட்டுக் கூரையில் மிஞ்சும் இடம் மேல்வீட்டுக்குத் திறந்த மாடியாகிறது. வெவ்வேறு வருமானக்காரர்கள் ஒரே கட்டடத்தில், அவரவருக்கு ஒரு துண்டு வானத்தோடு. விலையுயர்ந்த கல்லோ கண்ணாடியோ எதுவும் தேவைப்படவில்லை, செக்‌ஷன்தான் வேலை செய்கிறது. எனக்கு காஞ்சன்ஜங்காவைவிட இதுதான் பெரிய பாடம்.

இப்போது நம் இரண்டு கிரவுண்டுக்கு வருவோம். 4,800 சதுர அடி நிலம். தமிழ்நாட்டு விதிகளில் உயரமில்லாத கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. (நிலப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2, அதாவது சுமார் 9,600 சதுர அடி கட்டலாம். 18.30 மீட்டர் உயரம்வரை அந்த வகையில்தான் வரும். தெரு அகலமும் மற்ற விதிகளும் இடம் கொடுத்தால் ஸ்டில்ட்டுக்கு, அதாவது கார் நிறுத்தும் தூண் தளத்துக்கு, மேல் நான்கு மாடி. வழக்கமாக மாடிக்கு இரண்டு என்று எட்டு ஃபிளாட் போடுவார்கள். அதே அளவில் நான்கு டூப்ளெக்ஸ் (உள்படிக்கட்டோடு இரண்டு மாடி சேர்ந்த ஒரே வீடு) போடலாம், கீழே இரண்டு, அவற்றின் மேல் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம் ஜன்னல் கிடைக்கும், பொதுச் சுவர் ஒன்றுதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, பெரும்பாலும் கோட்டைவிடுவது இதைத்தான். இரண்டு டூப்ளெக்ஸிலும் கீழே கூடம், மேலே படுக்கையறை என்று ஒரே மாதிரி வைத்தால், கீழ்வீட்டுப் படுக்கையறையின் தலைமேல் மேல்வீட்டுக் கூடமும் சமையலறையும் வந்து உட்காரும். காலை ஐந்தரைக்கு அங்கே மிக்ஸி ஓடினால் கீழே இருப்பவர் எழுந்துவிடுவார். மேல்வீட்டைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. லிஃப்ட் நான்காவது மாடிக்கே போகட்டும், கூடமும் சமையலும் அங்கே, படுக்கையறைகள் மூன்றாவதில். இப்போது படுக்கையறைக்கு மேல் படுக்கையறை, அமைதிக்கு மேல் அமைதி. முதல் மாடியிலும் நான்காவதிலும்தான் சத்தம். வயதானவர்கள் இருந்தால் கூடம் இருக்கும் தளத்திலேயே அவர்களுக்கு ஓர் அறையும் குளியலறையும் வைத்துவிட வேண்டும். உள்படிக்கட்டு இடம் தின்னும் என்பதும் உண்மை. படுக்கையறையைக் கொஞ்சம் சின்னதாக்கி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன், தூங்கும் அறை பெரிதாக இருந்து யாருக்கும் லாபமில்லை.

சத்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். பேச்சுச் சத்தத்தை ஒன்பது அங்குலச் சுவரும் ஐந்தாறு அங்குல ஸ்லாபும் ஓரளவு தடுத்துவிடும். நாற்காலி இழுப்பது, குழந்தை ஓடுவது, உலக்கை இடிப்பது எல்லாம் வேறு ரகம், அது கான்கிரீட் வழியாகவே பயணம் செய்கிறது. ஸ்லாபை ஓர் அங்குலம் கூட்டுவதால் அது பெரிதாகக் குறைவதில்லை. ஸ்லாபுக்கும் டைல்ஸுக்குக் கீழே போடும் கலவைக்கும் நடுவில் ரப்பர் அல்லது அடர்த்தியான ஃபோம் விரிப்பு ஒன்று போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, சுவரோரத்தில் அதை மேலே மடித்துவிட வேண்டும். கலவை ஓரிடத்தில் சுவரைத் தொட்டுவிட்டாலும் சத்தம் அந்த வழியாக இறங்கிவிடும். இதைக் கொத்தனாரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு வந்தால் நடக்காது. டைல்ஸ் ஒட்டும்முன் ஓரம் முழுக்கச் சுற்றிவந்து பார்க்க வேண்டும், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல்ஸும் தரையில் முட்டாமல் சிறு இடைவெளியோடு நிற்க வேண்டும். குடிவந்த பிறகு இதைச் செய்ய வழியே இல்லை, தரையைப் பெயர்த்தால்தான் உண்டு. செலவும் கட்டும்போது செய்தால் மொத்தச் செலவில் சின்னத் தொகைதான். பில்டர் அதை ஏன் போடுவதில்லை என்றால், வீடு காட்டும் நாளில் மேலே யாரும் குடியிருப்பதில்லை.

அப்புறம் தோட்டம். முகப்புப் படத்தில் ஒவ்வொரு பால்கனியிலும் மரம் வரைந்திருப்பார்கள். நம் இந்தியத் தர அளவுகளில் பால்கனிக்குக் கணக்குப் போடும் பளு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ, வீட்டு அறைகளுக்கு 200. ஈர மண் கன மீட்டருக்குச் சுமார் 1,800 கிலோ. ஒன்றரை அடி ஆழத்துக்கு மண் போட்டால் சதுர மீட்டருக்கு 800 கிலோ தாண்டும், அதுவும் செடியும் ஆட்களும் சேராமல். ஆகவே மண் தொட்டி எங்கே வரும், எவ்வளவு ஆழம் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். பிறகு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது ஆபத்தான பேச்சு. தரை மட்டத்துக்கே மண் வேண்டுமென்றால் அந்த இடத்து ஸ்லாபைக் கீழே இறக்க வேண்டும், இறக்கினால் கீழ்வீட்டுக் கூரை அங்கே தாழும். அது கீழ்வீட்டு வராந்தாவுக்கு மேல் வந்தால் பரவாயில்லை, படுக்கையறைக்கு மேல் வந்தால் சிக்கல். செக்‌ஷனில் ஒரு பார்வையில் இது தெரிந்துவிடும். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் நிறுத்திப் பார்த்து, கீழே ஈரம் இல்லை என்று உறுதியான பிறகுதான் மண் போட வேண்டும்.

பால்கனி அகலத்தையும் பாருங்கள். நாலடி பால்கனி துணி காயப்போடத்தான் ஆகும். இரண்டு நாற்காலி போட்டு ஒருவர் தாண்டிப் போக ஆறடியாவது வேண்டும், ஏழெட்டு இருந்தால் அது வராந்தா. சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும், எதிர்ப்பக்கம் வெளியேற வழியிருந்தால்தான் உள்ளே நுழையும். வராந்தாவைக் கிழக்கே திறந்துவிட்டு மேற்கே குளியலறை, படிக்கட்டு, அலமாரிச் சுவர்களை வைத்தால் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டு ஏ.சி. வெளிப்பெட்டி உங்கள் வராந்தாவைப் பார்த்து அனல் ஊதாமல் இருக்க அதற்கும் இப்போதே ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

மாடிக்கு மாடி ஒரே பிளானாக இருக்கும்போது தானாகக் கிடைக்கும் ஒரு நன்மை, வீடுகளை வெவ்வேறாக்கும்போது போய்விடும். குளியலறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வராது. குளியலறைக் குழாய்களுக்காக ஸ்லாபை ஓரடி இறக்கி நிரப்புவார்கள், கசிவு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். அது கீழ்வீட்டுச் சமையலறைக்கோ பூஜை அறைக்கோ மேலே வந்தால், கசிவே இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்காரர் மனது ஒப்பாது. வீடு எப்படி வேண்டுமானாலும் மாறட்டும், தண்ணீர் புழங்கும் இடங்கள் மட்டும் ஒரே நேர்க்கோட்டில் இறங்க வேண்டும்.

கடைசியாகக் காகிதம். வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் சட்டமான ரெரா 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்குப் பதிவு கேட்பதில்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். பெரிய திட்டங்களில் பதிவின் பேரில் கிடைக்கும் வெளிப்படைத்தன்மை உங்களுக்குக் கிடைக்காது, ஒப்பந்தத்தில் எழுதியதுதான் கையில் நிற்கும். அந்தச் சட்டத்தின் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) கணக்கில் உங்களுக்கே உரிய பால்கனியும் திறந்த மாடியும் சேராது, ஆகவே அவற்றின் அளவைத் தனியாக எழுதி வாங்குங்கள். மொட்டை மாடியைப் பொது இடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது சட்டம். "மேல்வீட்டுக்காரருக்கு மொட்டை மாடி இலவசம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி யாரும் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். மேல்வீட்டுக்கு வானம் வேண்டுமென்றால் அந்த வீட்டின் எல்லைக்குள்ளேயே நான்காவது மாடியில் ஒரு பகுதியைக் கூரையில்லாமல் விட்டு வரைந்து, அதை அனுமதி பெற்ற படத்திலும் பத்திரத்திலும் காட்டுவதுதான் சரி. ஒப்பந்தத்தோடு இணைக்கும் படங்களில் இரண்டு திசையிலும் வெட்டிய செக்‌ஷன் இருக்கட்டும். அதில் ஸ்லாப் கனம், தரைக்கடியில் விரிப்பு, மண் ஆழம், கூரை உயரம், குளியலறை இறக்கம் எல்லாவற்றுக்கும் அளவு எழுதியிருக்க வேண்டும், பில்டரும் நீங்களும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும். பழைய வீட்டை இடிக்கச் சாவியைக் கொடுப்பது அதற்குப் பிறகு.