'எந்திர நடுவர்' வேண்டாம், பந்துக்கோல் போதும்

தண்டையார்பேட்டையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் யாரோ ஒருவரின் போனில் விளையாட்டுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "அமெரிக்க பேஸ்பாலில் எந்திர நடுவர் களமிறங்கிவிட்டார், மனித நடுவர்களுக்கு இனி வேலை இல்லை." இந்த 'எந்திர நடுவர்' என் காதில் விழுவது எத்தனையாவது முறையோ. செய்தியும் தவறு, சொல்லும் தவறு.

அம்பயர், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 'நோன்பேர்' என்றால் இணை இல்லாதவர், ஒற்றையாக நிற்கும் மூன்றாமவர். ஆங்கிலத்தில் 'எ நம்பயர்' என்று சொல்லிச் சொல்லி 'ந' முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'அன் அம்பயர்' ஆகிவிட்டது. ஏப்ரனுக்கும் இதே கதைதான்.

எங்கள் சந்து கிரிக்கெட்டில் இந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. அணி பிரித்த பிறகு ஒருவன் மிஞ்சினால் அவனைத்தான் நிற்க வைப்பார்கள். பேட்டிங் பக்கத்து ஆள் நின்றால் ரன் அவுட்டுக்கு ரன் அவுட் சண்டை. அதனால்தான் "பொது ஆளு யாரு?" என்ற கேள்வி முதலில் வரும். தமிழில் நடுவர் என்கிறோம். நடுவில் நிற்பவர். எமனுக்கும் நடுவன் என்று ஒரு பெயர் உண்டு. பட்டிமன்றம், கேரம், குத்துச்சண்டை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

சரி, எந்திரத்துக்கு இந்தப் பெயர் ஏன் கூடாது? முதலில் இலக்கணம். 'அர்' உயர்திணை ஈறு. 'எந்திர நடுவர் களமிறங்கிவிட்டார்' என்கிற இடத்தில் பந்து போகும் வழியைப் பார்க்கும் பன்னிரண்டு கேமராக்களுக்கு மரியாதைப் பன்மை கொடுத்தாகிவிட்டது. அழிப்பான், கணிப்பான் இல்லையா என்று கேட்பார்கள். 'ஆன்' கருவிப் பெயராகப் பழகிவிட்டது, 'அர்' பழகவில்லை. கணக்குப் போடும் பெட்டிக்குக் கணினி என்றுதான் பெயர் வைத்தோம், கணக்கர் என்று வைக்கவில்லை.

இலக்கணத்தைவிடப் பெரிய குறை பொருளில். அந்தக் கருவி செய்வது அளவு மட்டும். பேட்டர் பக்கத்தில் நின்று ஆடும் தரைப்பலகையான ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பேட்டரின் உயரத்தில் 27 சதவீதம் கீழ்க்கோடு, 53.5 சதவீதம் மேல்கோடு. பந்து அந்தக் கட்டத்தைத் தொட்டதா இல்லையா, அவ்வளவுதான். தொட்டால் ஸ்ட்ரைக், அதாவது பேட்டருக்கு எதிராகக் கணக்கில் வரும் பந்து. 2026 முதல் அமெரிக்கப் பெரிய லீகில் நடப்பது என்ன? பந்து வந்ததும் தீர்ப்பு சொல்பவர் பழையபடி மனிதர்தான். பேட்டர், பந்தெறியும் பிட்சர், பின்னால் பிடிக்கும் கேட்சர் மூவரில் ஒருவர் உடனே தன் தலையைத் தட்டி மறுத்தால்தான் கருவியைக் கேட்பார்கள். அணிக்கு இரண்டு முறையீடு, ஜெயித்தால் அது கழியாது. ஓடுகிறவரைத் தடுத்தார்களா, சண்டை போடுகிறவரை வெளியே அனுப்ப வேண்டுமா என்பதையெல்லாம் கருவியிடம் யாரும் கேட்பதில்லை. பிறகு யாருக்கு வேலை போய்விட்டது?

காசிமேட்டில் மீன் வாங்கும்போது பாருங்கள். எலக்ட்ரானிக் தராசு எண்ணைக் காட்டும். செவுள் சிவப்பாக இருக்கிறதா, விலை சரியா என்று பேசுவது இரண்டு மனிதர்கள். குறள் 118இல் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று வருகிறது. அங்கே கோல் உவமை, ஒரு பக்கம் சாயாத கோடாமை சான்றோர்க்கு. தராசைப் போல மனிதர் இருக்க வேண்டும் என்றார் வள்ளுவர். தராசையே சான்றோர் ஆக்கவில்லை.

அளவுகோல், துலாக்கோல் என்று கருவிக்குப் பெயர் வைக்கும் வழி நம்மிடம் எப்போதும் இருந்தது. அந்த வழியில் 'பந்துக்கோல்' என்று சொல்லலாம். பந்துமானி என்றாலும் எனக்குச் சண்டை இல்லை. இரண்டுமே அஃறிணை, இரண்டுமே அளக்கும் பொருளைச் சொல்கின்றன. 'ரோபோ நடுவர்' ஆங்கிலத் தலைப்பை வரி மாறாமல் தூக்கி வைத்தது. இதே கைதான் பேஸ்பால் ஸ்ட்ரைக்கை 'வேலைநிறுத்தம்' என்றும் எழுதுகிறது. மூன்று வேலைநிறுத்தத்தில் பேட்டர் வெளியேறினார் என்று படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஆட்டத்தை ஒரு முறையாவது பார்த்துவிட்டு மொழிபெயர்த்தால் என்ன? தெரியாவிட்டால் ஸ்ட்ரைக் என்றே விடுங்கள், படிக்கிறவருக்குப் புரியும்.

கருவிக்கே முழுப் பொறுப்பையும் கொடுத்த லீக் இருக்கிறதே என்பார்கள். ஆமாம், தென்கொரியாவில் 2024 முதல் ஒவ்வொரு பந்தையும் கருவிதான் கணிக்கிறது. அது காதுக்கருவி வழியாக வந்து சேர்வது பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் மனிதரிடம். அவர்தான் கையைத் தூக்கி அறிவிக்கிறார். அந்தச் செய்தியைத் தமிழில் இப்படி எழுதலாம்: "பந்துக்கோல் ஸ்ட்ரைக் என்று காட்டியது. நடுவர் கையைத் தூக்கினார்."