நொதிக்கும் தொட்டிக்குள் தலையை விடாதீர்கள்

நாசிக் பக்கம் பல வருடங்களாகச் சிறிய ஒயினரி ஒன்றை நடத்திவருகிறோம். 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு, இந்த வட்டாரத்தில் விவசாயிகளே சின்னச் சின்ன ஒயினரிகள் போட்டார்கள். சில நிலைத்தன, சில மூடப்பட்டன. புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்கள் எங்களிடம் வந்தால் கடன், லைசென்ஸ், எந்த ரகத் திராட்சை, யாரிடம் விற்பது என்றெல்லாம் கேட்பார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் டேங்கிலிருந்து வரும் வாயுவை என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம். ஒயினரியில் ஆளைச் சத்தமில்லாமல் கொல்லக்கூடியது அதுதான்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும்போது கூடவே கரியமில வாயுவையும் வெளியே தள்ளுகிறது. நன்றாகப் பழுத்த ஒயின் திராட்சையின் சாறு ஒரு லிட்டரில் 200 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். அது நொதித்து முடிவதற்குள் ஏறக்குறைய 50 லிட்டர் வாயு வந்துவிடும். 2,000 லிட்டர் டேங்க் என்றால் 1,00,000 லிட்டர். இருபதடி நீளம், இருபதடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும் அளவு அது. நாசிக்கில் அறுவடை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அந்த வாரங்களில் பல டேங்குகள் ஒரே சமயத்தில் பொங்கிக்கொண்டிருக்கும். குளிர் வெளியே போய்விடும், கரண்ட் பில் ஏறும் என்று கதவுகளைச் சாத்தி வைக்கிற பழக்கம் வேறு.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, நமக்கு எச்சரிக்கை தரும்படியான வாசனையும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் டேங்கின் அடியிலும், தரையிலுள்ள குழிகளிலும், வடிகால் வாய்க்காலிலும் போய்த் தங்கும். சாதாரணக் காற்றில் இதன் அளவு 0.04 சதவீதம். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 0.5 சதவீதம். 4 சதவீதத்தை உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வரையறுக்கிறது. 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். நொதிக்கிற டேங்கின் வாய்க்குள் இருப்பது இதையெல்லாம் தாண்டிய அளவு. அங்கே ஓரிரு மூச்சே போதும்.

சிவப்பு ஒயினில் ஆபத்து அதிகம். தோலோடும் விதையோடும் நொதிக்க வைப்பதால் சக்கை மேலே மிதந்து கெட்டியாகிவிடும். தினமும் அதை அழுத்திவிட ஒருவர் டேங்க் விளிம்பில் நின்று குனிகிறார். தலை சுற்றினால் உள்ளேதான் விழுவார். அப்புறம் ஒயினை வடித்துவிட்டுச் சக்கையை அள்ளும் நாள் வரும். நொதித்து முடிந்துவிட்டது, டேங்க் காலி, இனி என்ன என்று தோன்றும். ஆனால் ஈரச் சக்கையிலிருந்து வாயு வந்துகொண்டேதான் இருக்கும். மண்வெட்டியோடு உள்ளே இறங்குகிற அந்த வேலையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இதைவிட முக்கியமானது, ஒருவர் விழுந்த பிறகு நடப்பது. பார்த்தவர் யோசிக்காமல் குதிக்கிறார். அவரைக் காப்பாற்ற இன்னொருவர். 2021 அக்டோபரில் இத்தாலியின் கலாப்ரியா பகுதியிலுள்ள பாவோலாவில் ஒயின் தயாரித்த தொட்டியில் நான்கு பேர் இப்படித்தான் இறந்தார்கள். மூடிய இடங்களில் நேரும் சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையது என்று நியோஷ் 1986-லேயே எழுதியது. நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டியிலும் பாழுங்கிணற்றிலும் இதையேதான் பார்க்கிறோம். செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று வரும். அங்கே வாயு வேறாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் இறப்பது அதே காரணத்தால்தான். பாசத்தால் இறங்குகிறார்கள். அதனால்தான் அறுவடைக்கு முன்பே, யாரும் பதறாத நேரத்தில், இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: உள்ளே விழுந்தவர் உன் தம்பியாகவே இருந்தாலும் சுவாசக் கருவி இல்லாமல் இறங்காதே. கூப்பாடு போடு, 112-ஐக் கூப்பிடு, வெளியே நின்றபடி ப்ளோயரைப் போடு.

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் போகாதே என்பது சரிதான். அணையவில்லை, அதனால் போகலாம் என்பது தவறு. 5 சதவீத வாயுவிலும் சுடர் எரிந்துகொண்டிருக்கும். ஆக்சிஜன் மீட்டரும் இப்படித்தான் ஏமாற்றும். கரியமில வாயு 5 சதவீதம் கலந்தாலும் ஆக்சிஜன் 20.9-லிருந்து 20-க்குப் பக்கத்தில்தான் இறங்கும். 19.5-ல் அலறும்படி வைத்த கருவி வாயைத் திறக்காது. கரியமில வாயுவையே அளக்கும் மீட்டர்தான் வேண்டும். என்95 மாஸ்க், துணி மாஸ்க் எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது.

அறுவடை நாட்களில் சுர்காணா, பேட் தாலுகாக்களிலிருந்து கூலி வேலைக்கு வருகிறவர்களுக்குப் பேச்சைவிடக் கண்ணால் காட்டுவதே நன்றாகப் பதிகிறது. மீட்டரைக் கயிற்றில் கட்டி டேங்குக்குள் இறக்குவோம். வாயைத் தாண்டியதுமே அலறத் தொடங்கும். அதன் பிறகு யாரும் விளையாட்டாக எட்டிப் பார்ப்பதில்லை.

இப்படி வாயு தேங்கும் தொட்டிக்குள் இறங்குவதற்கு 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே 36-வது பிரிவில் வழி சொல்லிவைத்தது. தகுதியான ஒருவர் பரிசோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் அணிந்துதான் இறங்க வேண்டும். ஆனால் பத்துப் பேர்கூட இல்லாத ஒயினரிக்கு அந்தச் சட்டம் பொதுவாக எட்டவில்லை. ஆள் குறைவு என்பதால் வாயு குறைந்து வராது. எங்களைப் போன்ற சிறியவர்கள் சட்டத்துக்குக் காத்திராமல் செய்தாக வேண்டும்.

காற்றை வெளியேற்றும் ஃபேனைக் கூரையில் வைத்துப் பெரிய பயனில்லை. தரை மட்டத்தில் வையுங்கள். சக்கை அள்ளும் நாளில் தனியாளாக யாரையும் விடாதீர்கள். வீட்டில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுகிறவர்களுக்கு வாயுவின் அளவு ஆபத்தில்லை, ஆனால் நொதிக்கும்போது கண்ணாடிப் பாட்டிலை இறுக மூடினால் வெடிக்கும். துணி கட்டி வையுங்கள்.

புது டேங்க் வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்க்காமல் கீழ்க் கதவைப் பாருங்கள். அது தரையை ஒட்டி, பெரிதாக, அடித்தளம் அதை நோக்கிச் சரிந்திருந்தால் வெளியில் நின்றபடியே நீளமான கைப்பிடி வைத்த கருவியால் சக்கையை இழுத்துவிடலாம். கொஞ்சம் விலை கூடும். யாரும் உள்ளே இறங்க வேண்டியதே இல்லை.