பற்றவைப்பு: வெல்டிங்குக்கு நம்மிடம் இருக்கும் சொல்

கேட்டின் கீல் விட்டுப்போனால் பட்டறைக்குப் போய், "இதற்கு ஒரு வெல்டிங் வைத்துக் கொடுங்கள்" என்கிறோம். வெல்டிங் ஆங்கிலத்திலிருந்து வந்தது. கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் 'வை' எங்கிருந்து வந்தது? 'பற்றவை' என்ற நம் பழைய வினையின் பின்பாதிதான் அது என்று நினைக்கிறேன். முன்பாதி உதிர்ந்த இடத்தில் வெல்டிங் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓட்டை விழுந்த பித்தளைக் குடத்துக்கு ஈயம் வைத்துப் பற்றவைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

வெல்டிங் என்பதற்குச் சரியான தமிழ், பற்றவைப்பு. அதைச் செய்பவர் பற்றவைப்பவர். தமிழ்நாட்டு அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் பொருத்துநர் (ஃபிட்டர்), கடைசலர் (டர்னர்), கம்மியர் (மெக்கானிக்) ஆகிய தொழிற்பிரிவுகளோடு பற்றவைப்பவர் என்ற பிரிவும் இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர் சேரலாம், ஓராண்டுப் பயிற்சி. ஆனால் சேர்ந்த மறுநாளே அந்தப் பெயர் மறைந்து மாணவர் 'வெல்டர் டிரேடு' ஆகிவிடுகிறார். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்தச் சொல்லுக்குள் பாடத்தின் பாதி இருக்கிறது.

'பற்று' என்ற வினைக்கு இரண்டு பக்கம். கையைப் பற்றினான் என்றால் பிடித்துக்கொண்டான். கூரையில் தீப் பற்றியது என்றால் நெருப்புப் பிடித்தது. 'பற்றவை' என்பது ஒன்றை இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும்படி செய்வது. நெருப்பைப் பிடிக்கச் செய்வதும் அதுதான். இரும்பை நெருப்பால் இணைக்கும் தொழிலுக்கு, நெருப்பும் பிடிப்பும் ஒருங்கே இருக்கும் சொல் இதைவிட என்ன வேண்டும்?

ஆங்கிலச் சொல் வேறு வழியாக வந்தது. கொதிப்பது, பொங்குவது என்ற பொருளுடைய பழைய வினையிலிருந்து பிறந்த சொல் அது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இன்றைய வடிவம் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. சுவீடன் மொழியிலும் இதற்கு இனமான வினை ஒன்று கொதித்தலையும் பற்றவைத்தலையும் சேர்த்தே குறிக்கிறது. அவர்கள் பார்த்தது சூட்டை. நாம் பார்த்தது பிடிப்பை.

தமிழில் 'காய்ச்சியிணைத்தல்', 'உருக்கிணைப்பு' என்றும் எழுதுபவர்கள் உண்டு. முதற்சொல் ஆங்கில வேருக்கு வெகு அருகில் இருப்பது வியப்புதான். இரண்டாவது எனக்கு ஒப்பவில்லை. கொல்லர் தம் உலையில் இரண்டு இரும்புத் துண்டுகளை வெண்சூடாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார். அங்கே இரும்பு உருகுவதில்லை, ஆனால் பற்றிக்கொள்கிறது. ஒன்றோடொன்று தேய்த்து, அந்தச் சூட்டிலேயே இணைக்கும் முறை இன்று ஆலைகளில் இருக்கிறது. அதிலும் உருக்கி இணைக்கும் வேலை கிடையாது. பற்றவைப்பு என்ற சொல் எல்லாவற்றையும் தாங்கும்.

இதன் உறவுச்சொல் ஒன்று இன்னும் அழகானது: பற்றாசு. நகை செய்பவர்கள் இரண்டு பொன் துண்டுகளுக்கு இடையே, அவற்றைவிடக் குறைந்த சூட்டில் உருகும் ஒரு கலவையை வைத்து ஊதி இணைப்பார்கள். அந்தக் கலவைதான் ஆசு, பற்றாசு. கேடிஎம் நகை என்று கடையில் சொன்னார்களே, அந்தப் பெயரே பற்றாசில் கலந்த காட்மியத்தால் வந்தது. நம் இலக்கணிகள் இந்தச் சொல்லைப் பட்டறையிலிருந்து நேரே யாப்புக்குள் கொண்டுபோனார்கள். நேரிசை வெண்பாவில் முதலில் வரும் குறள் பகுதியையும் அதையடுத்து நிற்கும் தனிச்சொல்லையும் இணைக்க ஒன்றோ இரண்டோ அசை சேர்ப்பதற்கு ஆசு என்றே பெயர். அப்படி அமைந்தது ஆசிடை நேரிசை வெண்பா. தட்டாரின் கைவேலையைக் கூர்ந்து பார்த்த ஒருவர்தான் இந்தப் பெயரை வைத்திருக்க முடியும்.

ஆகவே மின்னணுப் பலகையில் ஈயக் கம்பியை உருக்கி வைப்பதைப் பற்றாசு வைத்தல் என்போம். அங்கே உருகுவது நடுவில் வைத்த பொருள் மட்டுமே. இரும்புப் பட்டறையில் நடப்பது பற்றவைப்பு.

'பற்றவைத்தான் என்றால் சண்டை மூட்டினான் என்றும் பொருளாயிற்றே' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அடுப்பையும் பற்றவைக்கிறோம், வம்பையும் பற்றவைக்கிறோம். இடம் பார்த்துப் பொருள் கொள்ள நமக்குத் தெரியாதா?

பயிற்சிக் கூடத்தின் முதல் வாரத்தைப் பாருங்கள். மாணவர் கையில் 3.15 மில்லிமீட்டர் ராடு, அதாவது மேற்பூச்சுள்ள பற்றவைப்புக் கம்பி. உறையில் 6013 என்று அச்சிட்டிருக்கும்: முதல் 60 இழுவலிமையைச் சொல்கிறது, சதுர அங்குலத்துக்கு அறுபதாயிரம் பவுண்டு, அடுத்த 1, எல்லா நிலையிலும் வைக்கலாம் என்பது, கடைசி 3, மேற்பூச்சையும் மின்னோட்டத்தையும் குறிப்பது. ராடைத் தகட்டில் குத்தினால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பதறிப்போய் இழுப்பார்கள். தீக்குச்சியை உரசுவது போல உரசி, உடனே சற்றே தூக்க வேண்டும். தூக்கும் அளவு ஏறக்குறைய ராடின் கம்பித் தடிமன்தான். அந்த இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து சுடர்விடும் மின்வில் எழும். தீக்குச்சியைப் பற்றவைக்கும் அதே கை அசைவில் இரும்பைப் பற்றவைக்கத் தொடங்குகிறார் மாணவர். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும்.

ராடின் மேற்பூச்சு உருகி, உறைந்த உலோகத்தின்மேல் படலமாக நிற்கும். அது கசடு. சுத்தியால் கொத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்த பிறகே அடுத்த வரிசை வைக்க வேண்டும். கசடறக் கற்பது என்பது இங்கே தினசரி வேலை.

அமெரிக்காவில் இத்தொழிலைக் கம்யூனிட்டி காலேஜ்களில் கற்பிக்கிறார்கள். அதற்குத் தமிழ், சமுதாயக் கல்லூரி. இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் 1901-இல் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்று தொடங்கியது. அந்த வகைக் கல்லூரிகளுக்கு இந்தப் பெயர் பரவலானது 1947-க்குப் பிறகு. நம் பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இல் ஒன்றைத் தொடங்கியது. ஆனாலும் பற்றவைப்புக்கு இங்கே ஐடிஐதான் முதன்மை வாசல். கொதிகலன் ஆலையும், 1975-இல் அமைந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் திருச்சியில் இருப்பதால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இத்தொழில் தெரிந்த பெயர்.

எங்கே கற்றாலும் சோதனை ஒன்றுதான். இணைத்த தகட்டிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, இணைப்பு நடுவில் வரும்படி வளைப்பார்கள். மேலே வரிசை வரிசையாக மின்னிய வேலை, உள்ளே பிடிக்காமல் இருந்தால் அங்கேயே வாய் பிளக்கும். பயிற்றுநர் அதை மாணவர் கண்முன் பிடித்துச் சொல்வது ஒரே சொல்: "பற்றவில்லை."