கேனுலா: மூக்கில் ஒரு நாணல்

தஞ்சை, கும்பகோணம் மருத்துவமனைகளில் 'கேனுலா' என்றால் புறங்கையில் ஏற்றும் ஊசிக்குழல்தான் முதலில் நினைவுக்கு வரும். முன்னால் 'நேசல்' சேர்ந்தால், இரு மூக்குத்துளைகளிலும் ஆக்சிஜன் விடும் குழல். 2021 கொரோனா அலையில் பலரும் அறிந்துகொண்ட சொல் இது.

லத்தீனில் 'கன்னா' என்பது நாணல். 'கேனுலா' சின்ன நாணல். காற்றுக்கு நாணலைத் தேடுவது நமக்கும் புதிதல்ல. திருவாவடுதுறையில் நாதஸ்வரச் சீவாளியை நாணல் தட்டையில்தான் செய்கிறார்கள்.

இந்தச் சின்ன நாணலுக்குப் பெரிய வேலை தொண்டை அறுவையில். மயக்க மருத்துவர் காற்று விடும் வழியும் அறுவை மருத்துவரின் கத்தி போகும் வழியும் அங்கே ஒன்றே. மூச்சுக்குழாயில் டியூப் போட்டால் அது கத்திக்குக் குறுக்கே நிற்கும். அதனால் தகுந்த நோயாளிகளுக்கு டியூப் இல்லாமலே, முழு மயக்கத்தில், மருந்தால் மூச்சு நின்றிருக்கும்போதே, வெதுவெதுப்பும் ஈரமும் ஏற்றிய ஆக்சிஜனை மூக்கு வழியாக நிமிடத்துக்கு 70 லிட்டர் வரை விடுகிறார்கள். லண்டன் மருத்துவர்கள் படேலும் நூரேயும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 25 நோயாளிகள். மூச்சில்லாத நேரத்தின் இடைநிலை அளவு 14 நிமிடம்.

நெஞ்சு அசையாமல் ஆக்சிஜன் எப்படி உள்ளே போகும்? ரத்தம் நுரையீரலிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. மூச்சு நின்றபோது ரத்தத்திலிருந்து அங்கே வந்து சேரும் கரியமிலவாயு அதைவிட மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்ப, தொண்டை திறந்திருக்கும் வரை, மேலேயுள்ள ஆக்சிஜன் தானாக இறங்கும். கடைமடை வயல் குடிக்கக் குடிக்க வாய்க்கால் நீர் நகர்வதில்லையா, அதுபோல. சிக்கல் வடிகாலில்தான். கரியமிலவாயு வெளியேறுவது மந்தம். உடம்பில் தேங்கிக்கொண்டே போகும். ஆகவே நேரத்துக்கு எல்லை உண்டு. வடிகால் தூர்ந்த வயலைப் பார்த்த டெல்டாக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். லேசர் கருவி கொண்டு செய்யும் அறுவை என்றால் தீப்பற்றும் ஆபத்து வேறு.

தமிழில் என்ன சொல்வது? சிலர் 'மூக்குக்குழாய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குக் கஞ்சி இறக்கும் குழாய்க்கும் வார்டில் அதே பெயர்தான். ஆக்சிஜனும் கஞ்சியும் ஒரே பெயரில் புழங்குவது நல்லதா?

நான் 'தூம்பு' என்பேன். உள்ளே துளையுள்ள எதற்கும் பழந்தமிழ் தந்த பெயர் அது. ஏரி நீரை அளந்துவிடும் மதகும் தூம்பு, ஊதும் கருவியும் தூம்பு. மலைபடுகடாம் ஓர் இசைக்கருவியைக் 'களிற்றுயிர்த் தூம்பு' என்கிறது. யானை பெருமூச்சு விடுவதுபோல ஒலிப்பது. காற்று, அளந்துவிடுதல், மூச்சு மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ஆக, நேசல் கேனுலா 'மூக்குத்தூம்பு'. நிமிடத்துக்கு 70 லிட்டர் வரை தருவது 'பெரும்பாய்ச்சல் மூக்குத்தூம்பு'. ஆங்கிலத்தின் 'ஹை-ஃப்ளோ'வை 'உயர்பாய்வு' என்பதில் பாடநூல் வாடை. பாய்ச்சல் என்றால் இங்கே எவருக்கும் புரியும்.

புறங்கை ஊசிக்கு மட்டும் தூம்பு பொருந்தாது. அது கேனுலாவாகவே இருக்கட்டும்.